பீருக்குப் பிறந்தநாள் விழா!

கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடக்கிறது. சங்கத்துக்கு ஆண்டு விழா நடக்கிறது. பீர் காய்ச்சும் இடத்துக்கு ஆண்டு விழா நடப்பதைக் கேள்விப்பட்டது உண்டா? பெங்களூரில் நடக்கிறது. தோரணம் உண்டு, பாட்டுக் கச்சேரி உண்டு, கேக் வெட்டுவதும் உண்டு. அன்றைக்கென்றே தனியாகக் காய்ச்சிய பீர் ஒன்றைக் குழாயில் திறந்து விடுவார்கள். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். மறுநாள் போய்க் கேட்டால் கிடைக்காது.

இது தவிர, பல ஊர்ப் பீர்க்காரர்கள் ஒரே மைதானத்தில் கடை போட்டு நடத்தும் விழாக்களும் உண்டு. நம் ஊர்ப் பொருட்காட்சி போலத்தான். ஆனால் எல்லாக் கடையிலும் ஒரே சரக்கு, பீர்!

இந்திரா நகர், கோரமங்களா, வைட்ஃபீல்டு பக்கம் வேலைக்குப் போய் வரும் தமிழர்கள் இந்த விழாக்களின் விளம்பரத் தட்டிகளைப் பார்த்திருப்பார்கள். பலர் உள்ளேயும் போயிருக்கிறார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு அல்ல. பந்தல் போட, ஒயர் இழுக்க, பீப்பாய் இறக்க, மேஜை துடைக்க, வாசலில் காவல் நிற்க. அங்கே விற்கும் ஒரு கோப்பை பீரின் விலை, கட்டடத்தில் சித்தாள் வேலை செய்பவரின் அரைநாள் கூலிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். பிறகு யார் டிக்கெட் வாங்குவார்கள்?

இருந்தாலும் அந்தக் கோப்பைக்குள் என்ன இருக்கிறது, அது இந்த ஊருக்கு எப்படி வந்தது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். குடிப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும். குடிக்காதவர்கள், வீட்டில் குடிப்பவர் ஒருவர் இருந்தால், அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

குளிரைத் தேடி வந்த தொழில்

வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு பீர் இல்லாமல் முடியாது. ஆரம்பத்தில் அது கப்பலில் வந்தது. இங்கிலாந்திலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் பீப்பாய்கள் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். வழியில் கெடாமல் இருக்க ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைக் கூடுதலாகப் போட்டு அனுப்பினார்கள். அப்படி வந்த பீருக்கு 'இந்தியா பேல் ஏல்' என்று பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்கு அமெரிக்காவில் நடந்தாலும் பெங்களூரில் நடந்தாலும், பீர் விழா என்றால் ஐ.பி.ஏ. என்ற மூன்றெழுத்து இல்லாத கடை இருக்காது. அந்த மூன்றெழுத்தில் முதல் எழுத்து இந்தியா! குடிப்பவர்களிலேயே பலருக்கு இது தெரியாது.

இங்கேயே காய்ச்சலாமே என்று பிறகு யோசித்தார்கள். அதற்குக் குளிர் வேண்டும். ஐஸ் மெஷின் இல்லாத காலம். வெயிலில் காய்ச்சினால் புளித்துக் கெட்டுவிடும். அதனால் மலைகளைத் தேடிப் போனார்கள். 1855-ல் இமயமலைச் சாரலில் கசௌலியில் எட்வர்டு டையர் என்ற வெள்ளைக்காரர் தொழிற்சாலை வைத்தார். 1919-ல் ஜாலியன்வாலா பாக்கில் சுடச் சொன்ன ஜெனரல் டையரின் தந்தை இவர்தான். 1860-ல் முரீ மலையில் ஒன்று தொடங்கியது. அது இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. தெற்கே நீலகிரியில் தொடங்கினார்கள். அடுத்து 3,000 அடி உயரத்தில் இருக்கும் பெங்களூர்.

பெங்களூரில் 1809-ல் கண்டோன்மெண்ட் அமைந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மலேரியா தாங்காமல் பட்டாளத்தை இங்கே மாற்றினார்கள். அது மதராஸ் பட்டாளம். அதன் பின்னாலேயே சமையல்காரர்களும், வண்டிக்காரர்களும், துணி வெளுப்பவர்களும், கடைக்காரர்களுமாகத் தமிழர்கள் வந்தார்கள். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் இன்றைக்கும் தமிழ் கேட்கிறது என்றால் காரணம் அந்தப் பட்டாளம்தான். அதாவது பீரும் நம்மவர்களும் இந்த ஊருக்கு ஒரே எஜமானுக்காக வந்தவர்கள். 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்டுக்கு ரயில் வந்தது. அதற்குப் பிறகு இரண்டுமே சுலபமாக வந்து சேர்ந்தன!

எந்தப் பிறந்தநாள்?

1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் இருந்த ஐந்து பீர் தொழிற்சாலைகளை ஒன்று சேர்த்து யுனைடெட் புரூவரீஸ் கம்பெனியை உண்டாக்கினார். நீலகிரி ஆலைகளும் பெங்களூர் ஆலைகளும் அதில் அடக்கம். பீப்பாய்கள் மாட்டு வண்டியில் போய்ப் பட்டாளத்துக்கு இறங்கின. 1947-ல் விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய டைரக்டர் ஆனார். மறு ஆண்டே சேர்மன் ஆனார். 'கிங்ஃபிஷர்' என்ற பெயரில் பீர் பெரிய அளவில் கடைக்கு வந்தது 1978-ல்.

அந்தக் கம்பெனிக்கு எப்போது பிறந்தநாள்? 1915-லிருந்து கணக்கிட்டால் 2015-ல் நூறு வயது. ஆனால் அதில் சேர்ந்த காசில் என்ற நீலகிரி ஆலை 1857-ல் ஏற்பட்டது என்பதால், அதிலிருந்தும் எண்ணுவது உண்டு. பெண்பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது வயதில் ஒன்றிரண்டு குறைத்துச் சொல்வார்கள். பீர்க்காரர்கள் கூட்டித்தான் சொல்வார்கள். உலகம் முழுக்க இதே கதைதான். பாட்டிலில் அச்சடித்த ஆண்டு எவ்வளவு பழையதோ, சரக்குக்கு அவ்வளவு மதிப்பு.

பெங்களூர் நடுவில் கிராண்ட் ரோட்டில் இருந்த அந்தப் பழைய தொழிற்சாலை இன்று இல்லை. ரோட்டின் பெயர் விட்டல் மல்லையா ரோடு என்று மாறிவிட்டது. தொழிற்சாலை நின்ற இடத்தில் 2008-ல் யு.பி. சிட்டி என்ற கண்ணாடி மாளிகை எழும்பியது. மால்ட் வேகும் வாசனை போய், வெளிநாட்டு செண்டு வாசனை வந்தது. கம்பெனியும் கை மாறியது. 2021-ல் அதன் பெரும்பாலான பங்குகள் நெதர்லாந்து நாட்டு ஹைனெகன் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தன.

ஓட்டலுக்குள்ளேயே அடுப்பு

இப்போது ஆண்டு விழா கொண்டாடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பெரிய கம்பெனிக்காரர்கள் அல்ல. ஓட்டலுக்குள்ளேயே செம்பு, எஃகு அண்டாக்களை வைத்துக்கொண்டு அன்றாடம் காய்ச்சி அங்கேயே ஊற்றுகிறவர்கள். ஆங்கிலத்தில் 'மைக்ரோ புரூவரி' என்கிறார்கள். பாட்டிலில் அடைத்து லாரியில் அனுப்பும் வேலை கிடையாது.

2009-ல் புனேயில் 'டூலாலி' என்ற பெயரில் இப்படி ஒன்று திறந்தது. ரயிலில் பம்பாய்ப் பக்கம் போனவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கப்பட்டதுதான். நாசிக் ரோட்டுக்குப் பக்கத்தில் தேவலாலி என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறதே, அதுதான். சேவை முடிந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கப்பலுக்காக அந்த முகாமில் மாதக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். வெயிலும் வேலையில்லாத சோம்பலும் சேர்ந்து சிலருக்குப் புத்தி கலங்கிவிடும். அதனால் இங்கிலீஷில் 'டூலாலி' என்றாலே பைத்தியம் என்று அர்த்தமாகிவிட்டது. குடிக்கும் இடத்துக்கு இந்தப் பெயரை வைத்தவர் விவரமானவர்தான்!

பெங்களூரில் 2010, 2011 ஆண்டுகளில் இது தொடங்கியது. இந்திரா நகரில் 'டாய்ட்', விட்டல் மல்லையா ரோட்டில் 'பியர் கிளப்' ஆகியவை முதலில் வந்தவை. 2011 அக்டோபரில் பையப்பனஹள்ளிக்கும் எம்.ஜி. ரோட்டுக்கும் இடையே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. இந்திரா நகர் நடுவில் இருக்கும் ஸ்டேஷன். கூட்டம் பெருகியதற்குக் கேட்க வேண்டுமா?

இனி, அண்டாவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். ராஜஸ்தான், ஹரியானா பக்கத்துப் பார்லியை ஊற வைத்து முளை கட்டுவார்கள். நம் வீட்டில் பிள்ளைகளுக்குக் கேழ்வரகை முளை கட்டி மாவு அரைப்பது போலத்தான். முளை வந்ததும் காய வைத்து வறுத்தால் அதற்கு மால்ட் என்று பெயர். லேசாக வறுத்தால் பொன் நிறம். கருக வறுத்தால் காப்பி நிறம். பீரின் நிறம் இங்கேயே முடிவாகிவிடுகிறது. அதை உடைத்து, சுமார் 65 டிகிரி சூட்டில் வெந்நீரில் ஊற வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகி நீரில் இறங்கும். அந்த இனிப்பு நீரை வடித்து, ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்க வைப்பார்கள். கசப்பும் மணமும் அதிலிருந்து வருகின்றன. பிறகு குளிர வைத்து ஈஸ்ட் சேர்ப்பார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் நுரைக்குரிய வாயுவையும் உண்டாக்குகிறது. ஆப்பத்துக்கு மாவு பொங்குகிறதே, அதே வேலைதான்.

'ஏல்' என்ற வகை 20 டிகிரி வாக்கில் ஒரு வாரத்தில் புளித்துவிடும். 'லாகர்' என்ற வகைக்கு 10 டிகிரி குளிரும் பல வாரப் பொறுமையும் வேண்டும். பாட்டிலில் வரும் பீர் அநேகமாக எல்லாம் லாகர்தான். சின்ன அண்டாக்காரர்கள் ஏல் காய்ச்சுவதையே அதிகம் விரும்புகிறார்கள். அண்டா சீக்கிரம் காலியானால்தானே அடுத்தது காய்ச்ச முடியும்?

வடித்த சக்கையை வீணாக்குவதில்லை. மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. மாட்டுக்குப் போதை ஏறுமோ என்று பயப்பட வேண்டாம். புளிப்பதற்கு முன்பே பிரித்த சக்கை அது.

ஆண்டு விழாவுக்கு விசேஷமாகக் காய்ச்சும்போது உள்ளூர்ச் சரக்கைச் சேர்ப்பது இப்போது வழக்கமாகி இருக்கிறது. கேழ்வரகு போட்ட பீர், மாம்பழ சீசனில் மாம்பழ பீர், குடகுக் காப்பிக்கொட்டை போட்ட கறுப்பு பீர், பாசுமதி அரிசி பீர் எல்லாம் இந்த ஊரில் வந்திருக்கின்றன. களி தின்று வளர்ந்தவர்கள் கேழ்வரகு பீரின் விலையைக் கேட்டால் சிரிப்பார்கள்.

2020-ல் டாய்ட்டுக்குப் பத்தாவது ஆண்டு. கொரோனா வந்து எல்லாக் கடைகளையும் மூடிய ஆண்டும் அதுதான். அண்டாவில் இருந்த பீர் நாள் போனால் கெட்டுவிடும், வெளியே விற்க அனுமதியும் கிடையாது. காய்ச்சியவர்களே சாக்கடையில் ஊற்ற வேண்டி வந்தது. அந்த ஆண்டு மே மாதம்தான், மூடி போட்ட குடுவையில் வீட்டுக்கு எடுத்துப் போக விற்கலாம் என்று கர்நாடக அரசு அனுமதித்தது. அதற்குள் பரிமாறுகிற பையன்களும் சமையல்காரர்களும் ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ரயில் இல்லாமல் நடந்தே போனவர்களும் உண்டு.

முனிச்சில் நுழைவு இலவசம்

பீர் விழாக்களில் பேர்பெற்றது ஜெர்மனியில் முனிச் நகரத்து அக்டோபர் விழா. அது பீருக்காகத் தொடங்கியது அல்ல. 1810 அக்டோபர் 12-ந் தேதி இளவரசர் லூட்விக்குக்கும் தெரசாவுக்கும் கல்யாணம். ஊர் ஜனங்களுக்குக் களிப்பூட்டக் குதிரைப் பந்தயம் வைத்தார்கள். அடுத்த ஆண்டும் வைத்தார்கள். அப்படியே நிலைத்துவிட்டது. பந்தயம் நடந்த புல்வெளிக்கு மணமகள் பெயர்தான் இன்றும். காலராவாலும், சண்டையாலும், 2020, 2021-ல் கொரோனாவாலும் நின்றிருக்கிறது. 2010-ல் 200-வது ஆண்டைக் கொண்டாடினார்கள்.

1950-லிருந்து ஒரு சம்பிரதாயம் உண்டு. முதல் நாள் பகல் 12 மணிக்கு மேயர் தானே சுத்தியல் எடுத்து முதல் பீப்பாயில் குழாயை அடித்து இறக்குவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குக் கிடைக்கும். முனிச் நகரத்தில் காய்ச்சிய பீர் மட்டுமே அங்கே விற்கலாம். ஆறு கம்பெனிகளுக்குத்தான் இடம். மக் ஒவ்வொன்றும் ஒரு லிட்டர். பரிமாறும் பெண்கள் பத்து மக்குகளை ஒரே தடவையில் தூக்கிக்கொண்டு போவார்கள். கண்ணாடியும் பீருமாக 20 கிலோவுக்கு மேல் கனம் இருக்கும்.

கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த மைதானத்துக்குள் போக டிக்கெட் கிடையாது. குழந்தை குட்டிகளோடு வந்து, ராட்டினம் ஆடி, வறுத்த கோழி தின்று, ஒரு சொட்டும் குடிக்காமல் திரும்புகிறவர்கள் ஏராளம். அதைப் பார்த்துப் பெங்களூரில் 2005-ல் கிங்ஃபிஷர் கம்பெனி ஓர் அக்டோபர் விழாவை அரண்மனை மைதானத்தில் தொடங்கியது. பாட்டும் கூத்தும் வந்தன. கூடவே டிக்கெட்டும் வந்தது. பெயரை மட்டும் இறக்குமதி செய்தால் போதுமா?

கேட்டுக் குடிப்பவர்கள்

இந்த விழாக்களில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. வருகிறவர் எடுத்தவுடன் பெரிய கோப்பை வாங்குவதில்லை. இரண்டு மடக்கு பிடிக்கும் சின்னக் கோப்பையில் ருசி பார்ப்பார். 'இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்? எத்தனை சதவீதம்? எப்போது காய்ச்சியது?' என்று கேட்பார். கடையில் நிற்பவரும் முகம் சுளிக்காமல் சொல்வார். கரும்பலகையில் பெயருக்குப் பக்கத்தில் சதவீதத்தை எழுதியும் வைத்திருப்பார்கள். குடிப்பதற்கு நடுவே சாப்பிடுவார்கள், தண்ணீர் குடிப்பார்கள். எல்லோரும் இப்படி என்று சொல்ல முடியாது. இரவு பத்து மணிக்கு மேல் தள்ளாடுகிறவர்களைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றும் வேலை நம் காவலாளிகளுக்குத்தான் வருகிறது.

ஒயின் ஷாப் வாசலில் அவசரமாகக் குடிப்பவர் இந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை. 'பீர்தானே, ஒன்றும் செய்யாது' என்பது அவர் நினைப்பு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

விழாவில் ஊற்றும் பீர் பெரும்பாலும் 5 சதவீதம். 330 மில்லி குடித்தால் உடம்புக்குள் போகும் சாராயச் சத்து பதினாறரை மில்லி. கடையில் விற்கும் 'ஸ்டிராங்' பீர் 8 சதவீதம் வரை போகும். பாட்டில் 650 மில்லி. அதில் இருப்பது 52 மில்லி. விஸ்கி, பிராந்தியில் 42.8 சதவீதம். 60 மில்லி பெக் ஒன்றில் 26 மில்லிக்குச் சற்றுக் குறைவு. ஆக, ஒரு ஸ்டிராங் பீர் பாட்டில் என்பது இரண்டு பெரிய பெக் விஸ்கிக்குச் சமம்! நம் நாட்டில் அதிகம் விற்கும் பீர் இந்த ஸ்டிராங் பீர்தான்.

கல்லீரல் ஒரு மணி நேரத்தில் சுமார் 10 மில்லி சாராயச் சத்தைத்தான் கரைக்க முடியும். மோர் குடித்தாலும் குளித்தாலும் அந்த வேகம் கூடாது. ஒரு பாட்டிலுக்கே ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி 11 மணிக்கு இரண்டு பாட்டில் முடித்துவிட்டுக் காலை 6 மணி ஷிப்டுக்கு மெஷின் முன்னால் போய் நிற்பவர், பாதிப் போதையில்தான் நிற்கிறார்.

இரண்டு ஊர், இரண்டு கோப்பை

1981 ஜூலையில் பெங்களூரில் விஷச் சாராயம் குடித்து 308 பேர் இறந்தார்கள். 2007 ஜூலை 1 முதல் கர்நாடகத்தில் சாராயக் கடைகள் மூடப்பட்டன. மறு ஆண்டு மே மாதமே பெங்களூர், கோலார், எல்லைக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி என்று விஷச் சாராயம் 150 பேருக்கு மேல் பலி கொண்டது. பெரும்பாலும் கூலித் தொழிலாளர்கள். தமிழ்க் குடும்பங்கள் பல. யு.பி. சிட்டி எழும்பியதும் அதே 2008-ல்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் 60 பேருக்கு மேல் போனார்கள்.

கொன்றது மெத்தனால் என்ற தொழிற்சாலை ஸ்பிரிட். பெயிண்டுக்கும் வார்னிஷுக்கும் பயன்படுகிற சரக்கு. பார்வையை முதலில் பறிக்கும், பிறகு உயிரை. முளைகட்டிய தானியத்தைப் புளிக்க வைப்பதால் அது உயிருக்கு ஆபத்தான அளவில் உண்டாவதில்லை. யாரோ கலக்கினால்தான் வரும். நிறத்திலும் நெடியிலும் வித்தியாசம் தெரியாது. 'இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?' என்று விற்றவனை நிறுத்திக் கேட்கும் நிலையில் அன்று யாரும் இல்லை. கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது. குடித்த பிறகு கண் மங்கினாலோ, வயிறு முறுக்கினாலோ, தூங்கினால் சரியாகிவிடும் என்று படுக்க வைக்கக் கூடாது. அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். முறிவு மருந்து உண்டு. நேரம்தான் முக்கியம்.

விழாவுக்குப் போகிறவர்களுக்கும் சட்டம் உண்டு. வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம். 2019 முதல், முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ரயிலில் போதையில் ஏறிக் கலாட்டா செய்தால் ரயில்வே சட்டம் 145-வது பிரிவின்படி நடுவழியிலேயே இறக்கி விடலாம். ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. சனிக்கிழமை ராத்திரி ஜோலார்பேட்டைப் பக்கம் ஊருக்குப் போகிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். விழா இரவு 11 மணிக்கு முடிந்தாலும், கோப்பை கழுவி, பீப்பாய் ஏற்றி, பந்தல் பிரிக்க ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடும். அதற்குள் மெட்ரோ நின்றிருக்கும், பஸ்ஸும் இருக்காது. ஒரு நாள் கூலி எவ்வளவு, ராத்திரிச் சாப்பாடு உண்டா, வீட்டில் கொண்டு விட வண்டி உண்டா என்பதை மேஸ்திரியிடம் சாயங்காலமே கேட்டுக்கொண்டு போகலாம். பெண்களை அழைத்துப் போகும் மேஸ்திரிகள் இப்போது வேன் ஏற்பாடு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். கேட்டவர்களுக்குத்தான் வேன் வருகிறது.